ஏணியில் ஏற்றப்பட்ட மொழிகள்

மொழிகளிலே மேல் மொழி உண்டா? கீழ் மொழி உண்டா?

பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்று கூறினால், ஊருக்கு அஞ்சியாவது தலையசைப்பவர்கள் இன்று பலர். அவர்களே, மொழி என்று வந்துவிட்டால், "இது இலக்கணம் செறிந்த மொழி, அது காட்டுமிராண்டிப் பேச்சு, இது தெய்வம் தந்தது, அது தெருவில் பிறந்தது" என்று தயக்கமின்றித் தீர்ப்பு வழங்குகின்றனர். மனிதரைப் படிக்கட்டில் நிறுத்தும் பழக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, கண்டிக்கிறோம். மனிதரின் பேச்சைப் படிக்கட்டில் நிறுத்தும் பழக்கமோ புலமை என்னும் போர்வைக்குள் புகுந்து கொள்கிறது, கும்பிட்டு வரவேற்கிறோம்.

இந்தப் பழக்கம் புராணிகர்களிடம் மட்டும் இருந்திருந்தால் எளிதில் ஒதுக்கியிருக்கலாம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஐரோப்பாவின் பல்கலைக் கழகங்களிலே, ஆராய்ச்சியின் பெயராலேயே மொழிகளுக்கு ஓர் ஏணி கட்டப்பட்டது. அந்த ஏணி எப்படிக் கட்டப்பட்டது? யாரை மிதித்தது? எவ்வாறு முறிந்தது? பகுத்தறிவை வழித்துணையாகக் கொண்ட இளைஞர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏணி கட்டிய கதை

1808-ஆம் ஆண்டு, ஜெர்மன் நாட்டு ஹைடல்பர்க் நகரிலே ஒரு நூல் வெளிவந்தது. இந்தியரின் மொழியையும் ஞானத்தையும் பற்றியது அந்நூல். எழுதியவர் பிரீடரிக் ஷ்லெகல். பாரிஸ் நகரிலே சமஸ்கிருதம் கற்றவர், கற்றதிலே மயங்கியவர். அவர் உலக மொழிகளை இரண்டு கூறாக்கினார். சொல்லின் வேர் உள்ளுக்குள்ளே திரிந்து பொருள் வேறுபாட்டைக் காட்டும் மொழிகள் ஒருபுறம். வேரின்மீது துணை உறுப்புகளை ஒட்டிக்கொண்டு பொருள் காட்டும் மொழிகள் மறுபுறம். முன்னவை வித்திலிருந்து முளைத்து வளர்ந்த உயிர் மரம் போன்றவை. பின்னவை காற்றடித்தால் கலைந்து போகும் துகட்குவியல் போன்றவை. இதுவே அவர் கண்ட முடிபு.

பத்தாண்டு கழித்து, 1818-இல், அவருடைய தமையன் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஷ்லெகல் இரண்டை மூன்றாக்கினார். தனிநிலை, ஒட்டுநிலை, உட்பிணைப்புநிலை என்று நம் பாடநூல்கள் கூறும் பாகுபாடு இதிலிருந்து வந்ததே. சீனத்தில் சொற்கள் பெரும்பாலும் உருமாறாமல் தனித்து நிற்கும்; அது தனிநிலை. தமிழில் 'வீடுகளிலிருந்து' என்று சொல்கிறோம். வீடு, கள், இல், இருந்து என்று ஒவ்வொன்றையும் கழற்றிக் காட்டலாம், இது ஒட்டுநிலை. இலத்தீனத்தில் 'ரோசாரும்' என்றால் 'ரோசாக்களின்' என்று பொருள். அதன் ஈற்றிலே பன்மை எது, வேற்றுமை எது என்று பிரித்தெடுக்க இயலாது, அது உட்பிணைப்புநிலை.

பாகுபாடு செய்வது குற்றமன்று. செடிகொடிகளைப் பாகுபடுத்துகிறோம், கற்களைப் பாகுபடுத்துகிறோம். பாகுபாட்டைப் படிக்கட்டாக மாற்றியதுதான் குற்றம். வில்ஹெல்ம் வான் ஹம்போல்ட் பேரறிஞர்; பாஸ்க் மொழியையும், சாவக மொழிகளையும், அமெரிக்கப் பழங்குடி மொழிகளையும் ஆர்வத்தோடு ஆராய்ந்தவர். அவர் மறைந்த மறு ஆண்டு, 1836-இல், வெளியான பெருநூலின் முன்னுரையிலேகூட, நிறைவுக்கு மிக அண்மையில் நிற்பது சமஸ்கிருதக் குடும்பத்தின் அமைப்பே என்ற கருத்து காணப்படுகிறது. அவருக்குப் பின் வந்த ஆகஸ்ட் ஷ்லைஹர் இந்த மூன்றையும் வளர்ச்சிப் படிகளாகவே கொண்டார்: முதலில் தனிநிலை, பிறகு ஒட்டுநிலை, முடிவில் உட்பிணைப்புநிலை!

மாக்ஸ் முல்லர் இன்னும் ஒரு படி சென்றார். 1854-இல் எழுதிய நீண்ட மடலிலே, சமஸ்கிருதக் குடும்பமும் அல்லாத, எபிரேய-அராபியக் குடும்பமும் அல்லாத ஆசிய, ஐரோப்பிய மொழிகள் பலவற்றை 'துரானியம்' என்னும் ஒரே மூட்டையில் கட்டினார். துருக்கியும் பின்னியமும் தமிழும் அந்த மூட்டைக்குள். அவை நாடோடி வாழ்வின் மொழிகளாம்; அரசு கண்ட மக்களின் மொழிகள் உட்பிணைப்பு மொழிகளாம். இந்திய மண்ணிலே ஒருநாளும் காலடி வைக்காத அறிஞர், ஏரி வெட்டி, ஊர் அமைத்து, வணிகம் நடத்திய மக்களின் பேச்சை, அதன் விகுதிகள் எளிதில் கழல்கின்றன என்ற ஒரே காரணத்தால் நாடோடி மொழி என்றார். இரண்டே ஆண்டுகளில், 1856-இல், கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, அவை தனி ஒரு குடும்பம் என்பதைச் சான்றுகளோடு நிறுவினார். ஆயினும் ஏணி அசையவில்லை.

தன் கனம் தாங்காத ஏணி

ஏணியை உற்று நோக்குவோம். அதன் கீழ்ப்படியில் நிற்பது சீனம். தாளைக் கண்டுபிடித்த மக்கள், அச்சுக்கலை கண்ட மக்கள், பல நூற்றாண்டுகளின் வரலாற்றை இடையறாது எழுதி வைத்த மக்கள் பேசிய மொழி வளர்ச்சியின் தொடக்கப் படியில் நிற்கிறதாம்! மேற்படியில் இருக்கவேண்டிய ஆங்கிலமோ, பழைய ஈறுகளையெல்லாம் உதிர்த்துவிட்டு, சொல்வரிசையையே நம்பி வாழ்கிறது. அமைப்பிலே சீனத்தின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அப்படியானால் ஆங்கிலேயன் அறிவிலே தாழ்ந்து போனானா? மேலே ஏறுவதே வளர்ச்சி என்றவர்கள், கீழே இறங்கியதற்கு விளக்கம் தேடவேண்டி வந்தது. வரலாற்றுக் காலத்திற்கு முன்பே மொழிகள் முழுமை எய்திவிட்டன, வரலாறு தொடங்கியபின் தேய்கின்றன என்றார் ஷ்லைஹர். வளர்ச்சியைக் கண்டவர் எவரும் இல்லை. கண்டது முழுவதும் தேய்வே. காணாத பொற்காலத்தை நம்பச் சொல்வது புராணத்தின் வேலையன்றோ?

இலக்கணத்தை அளந்து கட்டிய ஏணி அன்று அது. யாருடைய மொழி உயர்ந்ததாக இருக்கவேண்டும் என்பதை முன்னரே முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ப அளவுகோல் செய்யப்பட்டது. இதற்குச் சான்று வேண்டுமா? வேல்ஸ் நாட்டுக்குச் செல்வோம்.

வேல்ஸ் மொழி, சமஸ்கிருதமும் இலத்தீனமும் கிரேக்கமும் சேர்ந்த அதே குடும்பத்தைச் சார்ந்தது. ஏணியின்படி அதற்கு மேற்படி கிடைத்திருக்க வேண்டும். நடந்தது என்ன? 1847-இல் ஆங்கில அரசு அனுப்பிய மூன்று ஆணையர்கள் வேல்ஸ் நாட்டுக் கல்வியைப் பற்றி அறிக்கை அளித்தனர். மூவரில் ஒருவருக்கும் வேல்ஸ் மொழி தெரியாது. ஆயினும் அம்மொழி மக்களின் முன்னேற்றத்துக்கும் ஒழுக்கத்துக்கும் தடை என்று எழுதினர். அந்த நூற்றாண்டிலே, பள்ளியில் தாய்மொழி பேசிய வேல்ஸ் குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டு, மற்றொரு குழந்தை அவ்வாறு பேசும்போது அதன் கழுத்துக்கு மாற்றி, இறுதியில் அதைச் சுமந்த குழந்தையைத் தண்டிக்கும் வழக்கமும் பல பள்ளிகளில் இருந்தது. குடும்பத்தின் பெருமை அந்தக் குழந்தையைக் காக்கவில்லை. ஆளுவோரின் மொழி மேலே. ஆளப்படுவோரின் மொழி கீழே. ஏணியின் உண்மையான இலக்கணம் இதுதான்.

1880-இல் இத்தாலியின் மிலான் நகரிலே காது கேளாதோர் கல்வி மாநாடு கூடியது. கூடியவர்களிலே மிகப் பெரும்பாலோர் காது கேட்பவர்கள். கைச்சைகை மொழியைப் பள்ளிகளிலிருந்து விலக்கி, வாய்ப்பேச்சையே புகட்டவேண்டும் என்று அவர்கள் தீர்மானித்தனர். கைகள் கட்டப்பட்ட குழந்தைகளின் தலைமுறைகள் கடந்தன. அதே வரிசையில் வந்த மாநாடு, 2010-இல் வான்கூவர் நகரில் கூடியபோதுதான், அந்தத் தீர்மானத்தைப் புறக்கணித்து வருத்தம் தெரிவித்தது. நூற்று முப்பது ஆண்டுகள்!

1887-இல் அமெரிக்க அரசு, பழங்குடி மக்களின் பள்ளிகளில் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் கற்பிக்கலாகாது என்று ஆணையிட்டது. 1990-இல்தான் அம்மக்களின் மொழிகளைக் காப்பது அரசின் கொள்கை என்று சட்டம் இயற்றப்பட்டது. இடையில் அழிந்த மொழிகளை எந்தச் சட்டம் எழுப்பித் தரும்?

செவியின் குற்றம்

ஏணியின்மீது முதல் அடி விழுந்தது அந்த அமெரிக்காவிலேயே. அடித்தவர் பிரான்ஸ் போவாஸ். ஜெர்மன் நாட்டிலே இயற்பியல் பயின்று, வடதுருவத்தை அடுத்த பாஃபின் தீவிலே எஸ்கிமோ மக்களிடையே ஓராண்டு வாழ்ந்து, பின் மனித இன ஆராய்ச்சிக்கு வந்தவர்.

பழங்குடி மக்கள் ஒரே சொல்லை ஒருமுறை ஒருவிதமாகவும் மறுமுறை வேறுவிதமாகவும் ஒலிக்கிறார்கள். அவர்களுடைய மொழி இன்னும் உருப்பெறாத மொழி என்பது அன்றைய ஆராய்ச்சியாளர் சிலரின் முடிபு. 1889-இல் போவாஸ் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஆராய்ச்சியாளர்களின் குறிப்பேடுகளையே எடுத்துக் காட்டினார். மாறியது பேசியவனின் நாவன்று, கேட்டவனின் செவி! தன் தாய்மொழியில் இல்லாத ஒலியைக் கேட்டவன், தனக்குத் தெரிந்த ஒலிகளுள் ஒருமுறை ஒன்றாகவும் மறுமுறை மற்றொன்றாகவும் எழுதி வைத்தான்.

இது நமக்கு விளங்காததன்று. லகரம், ளகரம், ழகரம் என்னும் மூன்றையும் ஆங்கிலேயச் செவி ஒன்றாகவே கேட்கும். அதனால் தமிழன் உளறுகிறான் என்று பொருளாகுமா? அவ்வாறே, பிற மொழிகள் வேறாகக் கொள்ளும் ககர ஒலிகள் பலவற்றை நாம் ஒரே எழுத்தால் எழுதுகிறோம். நம் செவிக்கும் அதன் எல்லை உண்டு.

1911-இல் போவாஸ் அமெரிக்கப் பழங்குடி மொழிகளைப் பற்றிய கையேட்டின் முதல் தொகுதியை வெளியிட்டார். அதன் முன்னுரையில் ஓர் எளிய வாக்கியத்தை எடுத்துக்கொண்டார்: ஒரு மனிதன் நோயுற்றிருக்கிறான் என்னும் வாக்கியம். இதை ஆங்கிலத்தில் கூறினால், அவன் குறிப்பிட்ட ஒருவனா, ஒருவனா பலரா, இப்போதா முன்பா என்பவற்றைச் சொல்லியே ஆகவேண்டும். கனடாவின் மேற்குக் கரையில் வழங்கும் குவாக்கியூட்டில் மொழியிலோ, அவன் பேசுவோனுக்கு அருகிலா, கேட்போனுக்கு அருகிலா, கண்ணுக்குப் புலனாகிறானா இல்லையா என்பவற்றைச் சொல்லியாக வேண்டும். காடும் கடலும் சூழ்ந்து வாழ்பவனின் மொழி, ஆங்கிலம் கேட்காத கேள்வியைக் கேட்கிறது.

இங்கேதான் பேருண்மை பிறந்தது. எந்த மொழியிலும் எதையும் சொல்ல முடியும். சொல்லாமல் விட முடியாதது எது என்பதில்தான் மொழிகள் வேறுபடுகின்றன. 1959-இல் ரோமன் யாக்கப்சன் இக்கருத்தைத் தெளிவாக வரையறுத்தார்.

கட்டாயப்படுத்தும் இலக்கணம்

சில எடுத்துக்காட்டுகள் காண்போம். இக்கட்டுரையில் 'நாம்' என்று எழுதுகிறோம். படிப்பவரும் அதில் அடக்கம். 'நாங்கள்' என்று எழுதியிருந்தால் படிப்பவர் வெளியே நிற்பார். தமிழிலே ஒவ்வொரு முறையும் இந்த முடிவைச் செய்தே ஆகவேண்டும். மலாய் மொழியிலும் 'கித்தா', 'காமி' என இந்த வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் இல்லை, சமஸ்கிருதத்திலும் இல்லை. ஆனால் சமஸ்கிருதம், நாம் இருவரா, இருவர்க்கு மேற்பட்டவரா என்று கேட்கும். அந்தக் கேள்வியைத் தமிழ் கேட்பதில்லை. இதிலே எது உயர்ந்தது? ஒவ்வொன்றும் ஒரு கேள்வியைக் கேட்கிறது, மற்றொன்றை விட்டுவிடுகிறது.

'வந்தான்' என்பதற்கும் 'வந்தானாம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிவோம். பிறர் சொல்லக் கேட்டது என்பதை 'ஆம்' காட்டிவிடுகிறது. நம் மொழியில் இது விருப்பம். துருக்கி மொழியில், தானே கண்டறிந்ததற்கு ஓர் ஈறும், கேட்டோ ஊகித்தோ அறிந்ததற்கு வேறோர் ஈறும் வினையிலேயே அமைகின்றன. கொலம்பிய, பிரேசில் எல்லைக் காடுகளில் வழங்கும் துயுக்கா மொழியிலோ ஐந்து வகை. கண்ணால் கண்டதா, பிற புலனால் அறிந்ததா, தடயம் கொண்டு ஊகித்ததா, பிறர் சொன்னதா, பொது அறிவால் கொண்டதா என்பதை ஈறு காட்டவேண்டும். எழுத்தே இல்லாதிருந்த மக்களின் மொழி, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் கேட்கிறது. அதனால் துயுக்கா மக்கள் எல்லாரும் பகுத்தறிவாளர்கள் என்று சொல்லிவிட முடியாது. பொய்யை எந்த ஈற்றோடும் சொல்லலாம். ஆனால் அது வளர்ச்சி குன்றிய மொழி என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

ஏணியை முறித்த உற்சாகத்திலே சிலர் மறு எல்லைக்கும் ஓடினர். அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டு நகரில் தீக்காப்பீட்டு நிறுவனத்தில் பணிபுரிந்துகொண்டே மொழிகளை ஆராய்ந்த பெஞ்சமின் லீ வோர்ஃப், ஹோப்பி மக்களின் மொழியில் காலத்தைக் காட்டும் சொல்லோ இலக்கண வடிவமோ இல்லை என்றும், அவர்கள் உலகைக் காண்பதே வேறு என்றும் எழுதினார். அவர் 1941-இல் மறைந்தார். அவருடைய கட்டுரைகள் 1956-இல் தொகுப்பாக வெளிவந்து உலகெங்கும் பரவின. 1983-இல் எக்கெஹார்ட் மலோட்கி என்பவர், 600 பக்கங்களுக்கும் மேற்பட்ட நூலிலே, ஹோப்பி மக்கள் நாளையும் திங்களையும் பருவத்தையும் எவ்வாறெல்லாம் சொல்கிறார்கள் என்று அடுக்கிக் காட்டினார். இழித்துரைப்பதற்கு மட்டுமன்று, வியந்துரைப்பதற்கும் சான்று வேண்டும்.

மொழி சிந்தனையைத் தொடவே இல்லையா? தொடுகிறது, ஆனால் சிறையிடவில்லை. ஆஸ்திரேலியாவின் வடகிழக்கிலே கூகு யிமித்திர் என்னும் மொழி வழங்குகிறது. 'கங்காரு' என்னும் சொல்லை 1770-இல் உலகம் பெற்றது அம்மொழியிலிருந்தே. அம்மொழியினர் இடம் வலம் என்று பொருள்களின் இருப்பைச் சொல்வதில்லை. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்றே சொல்வர். ஸ்டீபன் லெவின்சன் முதலியோர் 1990-களில் இதை ஆராய்ந்தனர். மேசைமீது பொருள்களை வரிசையாக வைத்துக் காட்டி, ஆளைத் திருப்பி நிறுத்தி, முன்போலவே வைக்கச் சொன்னால், திசை சொல்லிப் பழகியோர் திசைப்படியும், இடம் வலம் சொல்லிப் பழகியோர் தம் உடலின் பக்கப்படியும் வைத்தனர்.

இதே ஆராய்ச்சித் தொடரில் தமிழும் இடம்பெற்றது. எரிக் பெடர்சன் 1995-இல் வெளியிட்ட ஆய்வு, சிற்றூரில் வாழும் தமிழர் திசைப் பெயர்களையும், நகரத்தமிழர் இடம் வலத்தையும் மிகுதியாகப் பயன்படுத்துவதைக் காட்டியது. மொழி ஒன்றே, இலக்கணம் ஒன்றே. வயலில் நிற்பவனும் தெருவில் நடப்பவனும் அதை வெவ்வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். சிந்தனையின் பழக்கத்தை இனத்தின் இயல்பாகக் காட்ட முற்படுவோர்க்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டுமா?

சொல்வரிசையின் செய்தி

அடுத்துத் தொடரியலுக்கு வருவோம். 1961-இல் நியூயார்க் மாநிலத்தில் நடந்த கருத்தரங்கிலே ஜோசப் கிரீன்பெர்க் 30 மொழிகளை ஒப்பிட்டு 45 பொதுவிதிகளை முன்வைத்தார். 1963-இல் அவை நூலாயின. அந்த 30 மொழிகளில் கன்னடமும் ஒன்று. வினையை இறுதியில் வைக்கும் மொழிகள் வேற்றுமை காட்டும் சொல்லைப் பெயர்க்குப் பின்னே வைக்கின்றன என்பது அவற்றுள் ஒன்று. நாம் 'மேசையின் மேல்' என்கிறோம். ஆங்கிலேயர் 'மேல் மேசை' என்னும் வரிசையில் கூறுவர். தமிழும் சப்பானும் துருக்கியும் பாஸ்கும் ஒன்றையொன்று கலந்து பேசித் தீர்மானித்ததுபோல் ஒரே ஒழுங்கில் நிற்கின்றன.

இதற்குச் சற்று முன்னர், 1957-இல், நோம் சாம்ஸ்கி தம் முதல் நூலை வெளியிட்டார். 'வட்டமான முக்கோணம் நேற்றைய சிரிப்பை மெல்லக் குடித்தது' என்று ஒருவர் சொன்னால், பொருள் இல்லை என்போம். ஆனால் தமிழ் இல்லை என்போமா? தொடரமைப்புக்கு அதற்கே உரிய ஒழுங்கு உண்டு என்பது இத்தகைய எடுத்துக்காட்டுகளால் விளங்குகிறது. அவ்வொழுங்கின் அடித்தளம் மனிதர் அனைவரிடமும் பிறவியிலேயே அமைந்தது என்று சாம்ஸ்கி பின்னர் வாதிட்டார்.

எல்லா மொழியும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல என்பதை மறுபுறத்து ஆராய்ச்சி காட்டியது. 'சிறுவன் நாயைத் துரத்தினான்' என்பதை 'நாயைச் சிறுவன் துரத்தினான்' என்றும் சொல்லலாம். துரத்தியவன் மாறமாட்டான், ஐ உருபு காக்கிறது. ஆங்கிலத்தில் இடம் மாற்றினால் நாய் சிறுவனைத் துரத்தும்! நடு ஆஸ்திரேலியாவின் வார்ல்பிரி மொழியிலோ, அடைமொழிகூடப் பெயரை விட்டுப் பிரிந்து தொலைவில் நிற்கலாம்; இரண்டும் தாங்கிய ஒரே உருபு அவற்றின் உறவைக் காட்டிவிடும். அதில் ஒழுங்கே இல்லையோ என்று மேலோட்டமாகப் பார்ப்பவர் எண்ணலாம். 1983-இல் கென் ஹேல் எழுதிய ஆய்வு அந்தச் சுதந்திரத்துக்குள் இருக்கும் கண்டிப்பான ஒழுங்கை விளக்கியது.

2009-இல் நிக்கலஸ் எவன்ஸும் லெவின்சனும், எல்லா மொழிக்கும் பொதுவென்று கூறப்பட்ட விதிகள் பலவற்றுக்கு விலக்குகள் உண்டு என்று எழுதினர். வாதம் மூண்டது. தீர்த்து வைக்க எவரும் வேதத்தைப் புரட்டவில்லை, மொழிகளை எண்ணினர். 2023-இல் லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தைச் சார்ந்தோரும் உலகெங்குமுள்ள ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, 2,467 மொழிகளின் இலக்கணத்தை 195 கேள்விகளால் சோதித்த தொகுப்பை வெளியிட்டனர். அதைக்கொண்டு, முன்னர்ச் சொல்லப்பட்ட 191 பொதுவிதிகளைச் சோதித்த ஆய்வு 2025-இல் வெளிவந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விதிகள் வலுவாக நின்றன, எஞ்சியவை தளர்ந்தன. நின்றவற்றை ஏற்போம், தளர்ந்தவற்றை விடுவோம். இதுவே அறிவியலின் நேர்மை.

அந்தத் தொகுப்பிலிருந்து 1,314 மொழிகளை எடுத்து மற்றொரு கேள்வியும் 2023-இல் கேட்கப்பட்டது. பெருங்கூட்டம் பேசும் மொழி எளிமையாகிறது, சிறுகூட்டத்தின் மொழி சிக்கலாகிறது என்ற கருத்து உண்மையா? சான்று அதற்குத் துணை நிற்கவில்லை. பேசுவோர் எண்ணிக்கையைக் கொண்டு இலக்கணத்தை எடைபோட இயலாது.

இன்னும் மூன்று செய்திகள். 2015-இல் 37 மொழிகளை ஆராய்ந்து, உறவுள்ள சொற்களை அருகருகே வைக்கும் நாட்டம் அவை எல்லாவற்றிலும் உண்டு என்று காட்டினர். மனித நினைவின் அளவு எங்கும் ஒன்றுதானே? 2019-இல் லியோன் நகரத்து ஆராய்ச்சியாளர் 17 மொழிகளின் பேச்சை அளந்தனர். சப்பானியர் அசைகளை விரைவாகப் பேசுகின்றனர். ஒவ்வோர் அசையும் சுமக்கும் செய்தி குறைவு. வியட்நாமியர் மெதுவாகப் பேசுகின்றனர். அசையின் சுமை மிகுதி. கூட்டிக் கணக்கிட்டால், தகவலை அளக்கும் 'பிட்' என்னும் அலகில், நொடிக்கு ஏறத்தாழ 39 என்னும் அளவையே எல்லாம் சுற்றி நிற்கின்றன. 2022-இல் 12 மொழிக் குடும்பங்களைச் சார்ந்த 45 மொழியினரின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தனர். தாய்மொழியைக் கேட்கும்போது எல்லாரிடமும் ஒத்த பகுதிகளே உழைத்தன. தெய்வமொழி பேசியவனுக்கென்று தனி மூளை எங்கும் தென்படவில்லை!

கைகள் கட்டவிழ்ந்தபோது

மிலான் மாநாட்டில் மறுக்கப்பட்டவர்களின் கதை முடிந்துவிடவில்லை. 1960-இல் வில்லியம் ஸ்டோக்கோ, வாஷிங்டன் நகரத்துக் காலடெட் கல்லூரியில் பணிபுரிந்தபோது, அமெரிக்கச் சைகை மொழிக்கு ஏனைய மொழிகளைப் போலவே உள்ளமைப்பு உண்டு என்று ஆராய்ந்து காட்டினார்.

அடுத்து வந்தது நிகரகுவா. 1970-களின் இறுதியிலும் 1980-களிலும் அந்நாட்டுத் தலைநகர் மனாகுவாவில் காது கேளாத குழந்தைகள் முதன்முறையாகப் பள்ளியில் ஒன்று சேர்ந்தனர். அவர்களுக்கு எந்தச் சைகை மொழியையும் எவரும் கற்பிக்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த சில கையசைவுகளைக் கொண்டு அவர்களே ஒரு மொழியைப் படைத்தனர். 2004-இல் வெளியான ஆய்வு ஒரு நுட்பத்தைக் காட்டியது. ஒரு பொருள் உருண்டு கீழே இறங்குவதைக் காட்ட, கேட்கும் திறனுள்ளோர் கையை உருட்டிக்கொண்டே இறக்குவர். பின்னர்ப் பள்ளிக்கு வந்த குழந்தைகளோ, 'உருள்' என்பதை ஓர் அசைவாகவும் 'இறங்கு' என்பதை மற்றோர் அசைவாகவும் பிரித்து அடுக்கினர். பொருளைக் கூறாக்கி வரிசைப்படுத்தும் தொடரியல், கண்முன்னே பிறந்தது. இலக்கணத்தை அருளியது எந்தத் தெய்வமும் அன்று. எந்த முனிவனும் அன்று. பள்ளி முற்றத்தில் விளையாடிய குழந்தைகள்!

நமக்கு நாமே

ஏணி முறிந்தது என்று நாம் மகிழ்கிறோம். மகிழ்வதற்கு முன் ஒன்றைச் சிந்திப்போம். அது முறிந்தபோது, சமஸ்கிருதத்தின் மேற்படி மட்டும் விழவில்லை. மேற்படி என்பதே இல்லாமல் போயிற்று. அங்கே தமிழை ஏற்றி அமர்த்தலாம் என்று எண்ணுபவர்கள், ஷ்லெகல் கட்டிய ஏணியையே வேறு வண்ணம் பூசி நிறுத்துகிறார்கள். தமிழின் தொன்மை வரலாற்று உண்மை. அதன் இலக்கிய வளம் உண்மை. அவற்றைச் சான்றோடு சொல்வோம். ஆனால் உலக மொழிக்கெல்லாம் தாய் என்றும், பிற மொழிக்கு இல்லாத தெய்வத்தன்மை உடையது என்றும் கூறுவதற்கு மேலே கண்ட ஆராய்ச்சி எதிலும் இடமில்லை. நம் மொழியைக் காக்க அதன் உரிமை போதும், பொய் வேண்டியதில்லை.

நம் வீட்டுக்குள்ளேயும் ஏணி இருக்கிறது. நீலமலைக்குச் செல்லுங்கள். அங்கே தோடர் என்னும் மக்கள் இரண்டாயிரம் பேர் அளவில் வாழ்கின்றனர். அவர்களுடைய பேச்சைச் சிதைந்த தமிழ் என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் உண்டு. 1935 முதல் 1938 வரை இந்நாட்டில் தங்கி ஆராய்ந்த எமனோ, தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் எழுதிவைத்தார்; தோடர் பாடல்களைத் திரட்டி 1971-இல் பெருநூலாக வெளியிட்டார். அம்மொழி திராவிடக் குடும்பத்தின் தனி மொழி. தமிழில் இல்லாத உயிரொலிகளும் உரசொலிகளும் அதில் உண்டு. நாவை அதிரச் செய்து ஒலிக்கும் ரகர வகை மட்டும் மூன்று. எழுத்தில்லாத மொழி என்றால் இலக்கணமில்லாத மொழி என்று பொருளன்று என்பதை அறிய நாம் துயுக்கா காட்டுக்குச் செல்லவேண்டியதில்லை. உதகைக்குச் சென்றால் போதும்.

சேரியிலிருந்து வரும் குழந்தை வகுப்பிலே வாய் திறந்தால், "கொச்சையாகப் பேசாதே" என்று அடக்கும் ஆசிரியர் இன்றும் உண்டு. எழுத்துத் தமிழைக் கற்பிக்க வேண்டியதுதான். அது அக்குழந்தையின் உரிமை. ஆனால் அதன் வீட்டுப் பேச்சிலும் வேற்றுமை உண்டு, காலம் உண்டு, எண் உண்டு, ஒழுங்கு உண்டு. அந்தப் பேச்சை இழிவென்று அடக்கும்போது, இழிவுபடுவது இலக்கணம் அன்று, அக்குழந்தையின் தாய். வேல்ஸ் குழந்தையின் கழுத்தில் தொங்கிய மரத்துண்டு வேறு உருவில் இங்கே தொங்குகிறது.

தோழர்களே! மொழி ஆராய்ச்சியின் இருநூறு ஆண்டுக் கதை நமக்கு ஒரு வேலையைத் தருகிறது. பழிக்கப்படும் பேச்சு எங்கே இருக்கிறதோ, அங்கே காது கொடுங்கள். அதன் சொற்களை எழுதி வையுங்கள். அதன் ஒழுங்கைக் கேட்டறியுங்கள். உயர்ந்த மொழி என்று எவர் வந்து எதைச் சொன்னாலும், துயுக்கா மொழி கேட்கும் அந்த ஒரே கேள்வியைக் கேளுங்கள்: உனக்கு எப்படித் தெரியும்? அதற்கு மறுமொழி சொல்ல இயலாதவர்கள் ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பிப் போகட்டும். மக்கள் தரையில் நின்றுகொண்டே ஒருவர் முகம் ஒருவர் பார்த்துப் பேசுவார்கள்.